இரும்பு மூக்கு மட்டும் போதாது: மலைச்சரிவில் மரம் வெட்டுவோருக்கான பூட்ஸ்

நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைப் பக்கம் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) சில்வர் ஓக்கும் வெட்டுகிற ஆட்களின் காலைப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும். ரப்பர் செருப்பு, தேயிலைத் தோட்டத்துக் கம்பூட்ஸ், அல்லது டவுனில் வாங்கிய சேஃப்டி ஷூ. மூன்றாவதைப் போட்டிருப்பவர் தன் காலுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நம்புவார், முன்னால் இரும்பு இருக்கிறதே என்று. அந்த ஷூ தொழிற்சாலைக்காகச் செய்தது. சிமென்ட் தரையில் நின்று வேலை செய்பவருக்கு ஆபத்து மேலிருந்து வரும், கை நழுவி ஏதாவது காலில் விழும். சரிவில் நின்று மரம் அறுப்பவருக்கு ஆபத்து முதலில் கீழிருந்து வருகிறது. ஈரப் பட்டையில் கால் வழுக்கும், சருகுக்கு அடியில் மறைந்த குழியில் கணுக்கால் மடங்கும். கையில் ஓடும் செயின் ரம்பத்தோடு வழுக்கினால் அதன் செயின் காலுக்கு வரும். கட்டை உருண்டு வந்து நசுக்குவது அதற்கு அடுத்தது.

ஆகவே வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டும். முதலில் சோல், பிறகு கணுக்கால் பிடிப்பு, பிறகு செயின் தடுப்பு, கடைசியாக விரல்களை மூடும் இரும்பு மூக்கு. மூக்கைக் கடைசியில் வைப்பதால் அது வேண்டாம் என்று ஆகாது. அது கடையில் எளிதாகக் கிடைத்துவிடுகிறது, மற்ற மூன்றும் கிடைப்பதில்லை. தேடும் நேரமெல்லாம் அவற்றுக்குத்தான் போக வேண்டும்.

மூக்கின் எல்லை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐஎஸ்ஓ 20345 தரத்தில் வரும் சேஃப்டி பூட்ஸின் மூக்கு 200 ஜூல் மோதலையும் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் தாங்கியாக வேண்டும். 15 கிலோநியூட்டன் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை டன் எடை மெதுவாக ஏறி உட்காருவது. 200 ஜூல் என்றால் 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது. இப்போது 30 செ.மீ. விட்டமும் 2.4 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பச்சைக் கற்பூரக் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையாக இருக்கும்போது அந்த மரம் ஏறக்குறைய தண்ணீரின் கனம் இருக்கும், அதனால் கட்டை 170 கிலோவுக்குக் குறையாது. அது வெறும் 12 செ.மீ. உயரத்திலிருந்து, அதாவது அரைச்சாணிலிருந்து விழுந்தாலே 200 ஜூல் ஆகிவிடும். லோடு ஏற்றும்போது கட்டை கைவிட்டால் அதைவிட அதிக உயரத்திலிருந்துதான் விழும். மூக்கு உங்கள் விரலைச் சின்னக் கட்டைகளிடமிருந்தும், உருண்டு மெதுவாக ஏறும் கட்டையிடமிருந்தும் காப்பாற்றும். கட்டை விழும் பாதையில் நிற்பதற்கு அது அனுமதி தரவில்லை.

சோலும் ஹீலும்

இந்தியக் கடைகளில் கிடைக்கும் சேஃப்டி ஷூக்களில் மிகப் பெரும்பாலானவற்றின் சோல் பாலியூரித்தேன், சுருக்கமாகப் பியூ. அச்சில் ஊற்றி மேல்தோலோடு நேராக ஒட்ட வைப்பது. கனம் குறைவு, மெத்தென்று இருக்கும், விலையும் குறைவு. ஆனால் ஈரமான மரத்தின் மேலும் பாசி படிந்த பாறை மேலும் அது நம்பும்படி பிடிப்பதில்லை. சீகை வெட்டிய இடத்தில் நிற்கும் கூர்மையான அடிக்கட்டைக் குச்சிகள் அதன் பற்களைத் துண்டு துண்டாகப் பிய்த்துவிடும். காட்டு வேலைக்கு ரப்பர் சோல் வேண்டும், நைட்ரைல் ரப்பரானால் பெட்ரோலும் செயின் ஆயிலும் பட்டாலும் எளிதில் ஊறாது. நடுவில் மெத்தைக்காகப் பியூ அடுக்கு இருக்கலாம், தரையைத் தொடுவது ரப்பராக இருக்கட்டும்.

பற்களின் ஆழம்தான் அடுத்த கேள்வி. பற்கள் கொண்ட சோல் என்று ஐஎஸ்ஓ தரம் ஏற்றுக்கொள்ள 2.5 மி.மீ. உயரம் போதும். மழைக்கால மலைச் செம்மண்ணில் 2.5 மி.மீ. பல் பத்து அடி நடப்பதற்குள் சேறால் நிரம்பி வழவழவென்று ஆகிவிடும். 5 மி.மீ.க்குக் குறையாத ஆழம் பாருங்கள். பற்களுக்கு இடையில் உள்ள இடைவெளி ஒரு விரல் நுழையும் அளவு அகலமாக இருந்தால்தான் நடக்கும்போது சேறு தானாக உதிரும். நெருக்கமாகப் பல சின்னப் பற்கள் இருப்பது பார்க்க அழகு, சேற்றில் வீண். இத்தாலியின் விட்டாலே பிரமானி மலையேறிகளுக்காக உருவாக்கி 1937-இல் வெளியிட்ட விப்ரம் சோலின் பல் அமைப்பை இன்றும் உலகம் முழுக்க மரம் வெட்டுவோர் பூட்ஸில் காணலாம். அந்த வடிவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கடையில் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தால் எது சரி, எது பேருக்கு என்று தெரிந்துவிடும்.

ஹீல் தனியாக எழும்பி நிற்க வேண்டும். சோல் தட்டையாக ஒரே பலகையாக ஓடினால் சரிவில் இறங்கும்போது குதிகால் ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை. ஹீலின் முன்விளிம்பு செங்குத்தாகவும் கூர்மையாகவும் இருந்தால் அது மண்ணைக் கவ்வும், கட்டையின் ஓரத்திலும் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளுக்காகப் பூட்ஸ் செய்கிற வாஷிங்டன் மாநில ஸ்போகேன் நகரத்துப் பழைய கம்பெனிகளான வைட்ஸ், நிக்ஸ், ஆரிகன் மாநிலத்து வெஸ்கோ போன்றவர்கள் ஏறத்தாழ 2 அங்குல உயர ஹீல் வைக்கிறார்கள். செங்குத்தான சரிவுக்கு அது பிரமாதமாக வேலை செய்கிறது. பழகாதவருக்குக் கெண்டைக்கால் சில நாள் வலிக்கும். சமதளத்தில் சவுக்கு வெட்டுபவருக்கு அந்த உயரம் தேவையில்லை, 3 செ.மீ. போதும்.

சோலுக்குள் ஷாங்க் என்ற ஒரு விறைப்பான பட்டை இருக்கும். குதிகாலுக்கும் பாதத்தின் முன்பகுதிக்கும் நடுவே உள்ள வளைவை அது தாங்குகிறது. எஃகிலோ நைலானிலோ கெட்டித் தோலிலோ செய்திருப்பார்கள். கட்டையின் மேல் பாதத்தின் நடுப்பகுதியை ஊன்றி நிற்கும்போதும், மண்வெட்டியை மிதிக்கும்போதும், ஏறுகொக்கி மாட்டி மரம் ஏறும்போதும் முழு எடையும் அந்த வளைவில்தான் விழும். ஷாங்க் இல்லாத ஷூவோடு தொடர்ந்து சரிவில் வேலை செய்தால் உள்ளங்கால் இழுத்து வலிக்கலாம். சோதிப்பது எளிது. பூட்ஸின் மூக்கையும் ஹீலையும் பிடித்து மடக்குங்கள். விரல் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும், நடுவில் வளையக் கூடாது. பிறகு இரண்டு கைகளாலும் முறுக்குங்கள். ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுகினால் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

கணுக்கால்

உயரம் 8 அங்குலம், அதாவது 20 செ.மீ., என்பதைக் கீழ் எல்லையாக வையுங்கள். 10 அங்குலமானால் புதரும் முள்ளும் உள்ள இடத்தில் கெண்டைக்காலுக்கும் காப்பு. ஆனால் உயரமே பிடிப்பு ஆகிவிடாது. தொளதொளவென்ற 12 அங்குல பூட்ஸைவிட, குதிகாலைச் சுற்றி விறைப்பான கிண்ணமும் கணுக்காலின் இருபுறமும் தடித்த தோலும் உள்ள 8 அங்குல பூட்ஸ் மேல். குதிகால் பின்புறத்தைக் கட்டை விரலால் அமுக்கினால் உள்ளே போகக் கூடாது. கணுக்கால் எலும்பு இருக்கும் இடத்தில் உள்பக்கம் மெத்தை வைத்திருக்க வேண்டும். ஐஎஸ்ஓ குறியீட்டில் ‘ஏஎன்’ என்று இருந்தால் கணுக்கால் மோதல் காப்பு சோதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

தோலைப் பற்றி: ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலுக்கே பேர்பெற்ற ஊர்கள் உள்ள மாநிலத்தில் இருக்கிறோம், ஆனால் கடையில் கைக்கு வரும் சேஃப்டி ஷூவின் தோல் அநேகமாக எருமைத் தோலின் மேல்பரப்பைத் தேய்த்துச் சாயமும் அச்சு வரியும் போட்ட பார்ட்டன் பிரிண்ட் வகை. அது கெட்டியானதுதான், ஆனால் மேலே உள்ள பூச்சு மடிப்பில் வெடித்ததும் தண்ணீர் உறிஞ்சத் தொடங்கும். மேல்பரப்பு தேய்க்கப்படாத முழுத்தோல் 2.4 மி.மீ.க்கு மேல் தடிப்பில் கிடைத்தால் அதை எடுங்கள். கட்டை விரலால் உள்ளிருந்து தள்ளிப் பாருங்கள். மெல்லிய சுருக்கங்கள் விழுந்து, விரலை எடுத்ததும் மறைந்தால் நல்ல தோல். பிளாஸ்டிக் தாள்போல ஒரே வழவழப்பாக உப்பினால் பூச்சு தடிப்பு.

லேஸுக்கு அடியில் வரும் நாக்கு இருபுறமும் மேல் வரை பக்கச் சுவரோடு சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். மரத்தூள், சரளை, தண்ணீர், நம் மலைகளில் அட்டை எல்லாம் நுழையும் வழி அந்த இடைவெளிதான்.

செயின் காலுக்கு வந்தால்

சாதாரண பூட்ஸ் தோல் ஓடும் செயினை நிறுத்தாது. 3 மி.மீ. தோலும் ஒரு நொடிக்குள் அறுந்துபோகும். இரும்பு மூக்கு விரல்களை மூடுகிறது, ஆனால் செயின் அடிக்கடி படுவது அதற்குப் பின்னால் உள்ள லேஸ் கட்டும் இடத்திலும் கணுக்காலின் முன்புறத்திலும். கிளை கழிக்கும்போது வேகம் குறையாத ரம்பம் கிளை அறுந்த கையோடு கீழே இறங்கும், வலது கையால் பிடித்து அறுப்பவருக்கு அங்கே இருப்பது இடது கால்.

செயின் தடுப்பு பூட்ஸின் முன்புறத்தில் தோலுக்கு அடியில் பல அடுக்கு அராமிட் போன்ற இழைத் துணி வைத்திருப்பார்கள். வெட்டுப்பட்டதும் சில வகைகளில் நீளமான இழைகள் பிய்ந்து செயினோடு போய், அதை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்தும். வேறு வகைகளில் இழை அறுபடாமல் எதிர்த்து நேரம் வாங்கிக் கொடுக்கும். பாதுகாப்பு முன்புறத்துக்குத்தான், ஹீலுக்கும் பின்புறத்துக்கும் இல்லை.

இதற்கான தரம் ஐஎஸ்ஓ 17249. பூட்ஸில் கேடயத்துக்குள் செயின் ரம்பம் வரைந்த படமும் நிலை எண்ணும் இருக்கும். நிலை 1 நொடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்தில் சோதித்தது, நிலை 2 என்றால் 24, நிலை 3 என்றால் 28, நிலை 4 என்றால் 32. எந்த நிலை வேண்டும் என்பதை உங்கள் ரம்பத்தை வைத்துக் கணக்கிடலாம். ஸ்ப்ராக்கெட் பற்களின் எண்ணிக்கையை 2-ஆல் பெருக்கி, செயின் பிட்ச்சால் (கண்ணிகளின் இடைவெளி அளவு) பெருக்குங்கள். ஒரு சுற்றுக்குச் செயின் ஓடும் நீளம் அது. .325 அங்குல பிட்ச் என்பது 8.255 மி.மீ., 7 பற்களுக்கு ஒரு சுற்றில் 115.6 மி.மீ. ஓடும். அறுக்கும்போது நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் நொடிக்கு 19 மீட்டர் சொச்சம். மரத்திலிருந்து வெளியே வந்து சுமையில்லாமல் 13,000 சுற்றில் ஓடினால் 25 மீட்டர். எட்டில் மூன்று அங்குல பிட்ச் செயினானால் இதே பற்களுக்கும் சுற்றுக்கும் 22, 29 மீட்டர் ஆகிறது. காலில் படும் ரம்பம் பெரும்பாலும் மரத்தை விட்டு வெளியே வந்த ரம்பம். நிலை 1 பூட்ஸ் வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு இந்த எண்களே போதும். தினமும் அறுப்பவர் நிலை 2-க்குக் கீழே போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. எந்த நிலையானாலும் இந்த பூட்ஸ் வெட்டைக் குறைக்கும், நடக்காமல் தடுக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. நடக்கும்போது செயின் பிரேக் போடும் பழக்கத்துக்கு மாற்று எதுவும் இல்லை.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சேஃப்டி ஷூ பெட்டியில் ‘சிஆர்’ என்று போட்டிருந்தால் வெட்டுத் தடுப்பு என்று அர்த்தம், ஆனால் அது கத்தி போன்ற விளிம்புக்கான சோதனை. செயின் ரம்பத்துக்கு அது பொருந்தாது. கேடயப் படம் இல்லையென்றால் செயின் தடுப்பு இல்லை. கனடாவிலிருந்து வரும் பூட்ஸில் இதே காரியத்துக்கு வெள்ளைச் சீட்டில் பச்சை நிறத் தேவதாரு மரக் குறி இருக்கும்.

நம் ஊரில் இவை கடையில் அடுக்கி வைத்திருக்கும் பொருள் இல்லை. ரம்பம் விற்கும் டீலரிடம் சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். ஒரு செட்டில் (சேர்ந்து வேலை செய்யும் குழுவில்) எல்லோருக்கும் வாங்க முடியாவிட்டால் மிஷின் பிடிப்பவருக்கு முதலில் வாங்குங்கள். அமெரிக்க மரவெட்டு விதிகளில் செயின் ரம்பம் இயக்குபவருக்கு ஓடும் செயினை எதிர்க்கும் காலணி கட்டாயம், ஆனால் மரவெட்டு பூட்ஸின் விலையை முதலாளி கொடுக்க வேண்டியதில்லை என்றும் அதே நாட்டுச் சட்டம் விலக்கு வைத்திருக்கிறது. இந்த விலக்கை நாம் பின்பற்றத் தேவையில்லை. ரம்பத்துக்கும் டீசலுக்கும் பணம் போடும் கான்ட்ராக்டர் மிஷின்காரரின் பூட்ஸையும் அதே செலவில் சேர்த்துக்கொள்வதுதான் முறை.

பெட்டியில் உள்ள எழுத்துகள்

இந்தியத் தரம் ஐஎஸ் 15298. அதன் 2-ஆம் பாகம் 200 ஜூல் மூக்கு, 3-ஆம் பாகம் 100 ஜூல் மூக்கு, 4-ஆம் பாகத்தில் மூக்கே இல்லை. மூன்றிலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கும், அதனால் முத்திரையை மட்டும் பார்த்து எடுக்காமல் பாக எண்ணையும் படியுங்கள். ஐஎஸ்ஓ வகைகளில் காட்டுக்குப் பொருந்துவது எஸ்3: மூக்கு, ஆணி துளைக்காத அடித்தகடு, தண்ணீர் எதிர்க்கும் மேல்தோல், பற்கள் உள்ள சோல், ஹீலில் அதிர்வு தாங்கல் எல்லாம் சேர்ந்தது. 2022 பதிப்பில் வந்த எஸ்7 என்பது எஸ்3-உடன் முழு பூட்ஸும் தண்ணீர் சோதனையில் தேறியது. எஸ்1 வேண்டாம், மழையில் நனைந்து ஊறிவிடும்.

லோடு ஏற்றுபவருக்கு ‘எம்’ குறி முக்கியம். மூக்குக்குப் பின்னால் உள்ள புறங்கால் எலும்புகளின் மேல் 100 ஜூல் வரை தாங்கும் மேல்மூடி அது. உருண்ட கட்டை விரலைத் தாண்டி அங்கேதான் ஏறுகிறது. அவருக்குச் செயின் தடுப்பைவிட இதுவே பயன்படும். ஒரே செட்டில் எல்லோரும் ஒரே பூட்ஸ் போட வேண்டும் என்பதில்லை.

கம்பூட்ஸும் ஆணி பூட்ஸும்

சாதாரண பிவிசி கம்பூட்ஸ் மழைக்கும் அட்டைக்கும் நல்லது, மருந்து அடிக்க நல்லது. மரம் வெட்ட நல்லதல்ல. கணுக்காலைப் பிடிக்காது. இறங்கும்போது கால் முன்னால் சரிந்து விரல் நகம் மூக்கில் இடிக்கும், ஏறும்போது குதிகால் தூக்கிக்கொண்டு கொப்புளம் வரும். ஊட்டியின் அதிகாலைக் குளிரில் பிவிசி விறைத்து, பிடிப்பும் குறையும். வால்பாறைபோல ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓயாத மழையில் வேலை செய்பவருக்கு ரப்பர்தான் வேண்டும் என்றால், செயின் தடுப்பும் இரும்பு மூக்கும் வைத்துச் செய்த இயற்கை ரப்பர் பூட்ஸ் தனியாக உண்டு. உள்ளே போட்ட கால் ஆடாமல் இருக்க மேல்பகுதியில் இழுத்துக் கட்டும் பட்டை உள்ளதாகப் பாருங்கள்.

அமெரிக்கா, கனடாவின் மேற்குக் கரையில் சோலில் இரும்பு ஆணிகள் திருகிய பூட்ஸ் போடுகிறார்கள். அங்கே விழுந்து கிடக்கும் பெருமரங்களின் மேலேயே நடந்து வேலை நடக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கட்டைகளின் மேல் நடப்பவர் இத்தகைய பூட்ஸோ அதே அளவு பயன் தரும் வேறு காலணியோ போட வேண்டும் என்றே விதி. தேய்ந்த ஆணியைத் திருகிக் கழற்றி மாற்றலாம். மரத்திலும் மண்ணிலும் அது கவ்வும். வெறும் பாறையிலும் டிராக்டரின் இரும்புப் படியிலும் சிமென்டிலும் வழுக்கும். நம் மலைகளில் பாறை ஊடே வேலை என்பதால் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது.

இதைக் கேள்விப்பட்டுச் சிலர் சாதாரண பூட்ஸில் ஆணி அடித்துக்கொள்கிறார்கள். செய்யாதீர்கள். துளைக்காத அடித்தகட்டை அந்த ஆணியே துளைத்துவிடும், நடக்க நடக்கத் தலை உள்ளே தள்ளி உள்ளங்காலைக் குத்தும், தண்ணீர் புகும் ஓட்டையும் ஆகும். பட்டை உரித்த பச்சைக் கற்பூரக் கட்டையின் மேல் எந்த ரப்பர் சோலும் நிற்காது. அந்தச் சாறு சோப்பு நீரைவிட மோசமாக வழுக்கும். அதன் மேல் ஏறாமல் சுற்றி நடப்பதும், உரித்த பட்டையை மரம் சாயும்போது நாம் விலகி ஓடும் வழியிலிருந்து அப்புறப்படுத்துவதும்தான் செய்யக்கூடியது.

அளவு

அளவு தவறினால் மேலே சொன்ன எதற்கும் பயன் இல்லை. மாலையில் அளக்க வேண்டும், நாள் முழுதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு, சுவரில் குதிகால் ஒட்டி, காகிதத்தின் மேல் நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து நீண்ட விரலின் நுனியைக் குறியுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரிய காலுக்கு வாங்குங்கள். பூட்ஸின் உள்நீளம் அந்த அளவைவிட 10 முதல் 15 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். இங்கிலாந்து அளவில் ஒரு எண் கூடினால் 8.5 மி.மீ. அளவுக்கும், ஐரோப்பிய அளவில் 6.7 மி.மீ. அளவுக்கும் நீளும். இணையத்தில் வாங்கும்போது இது உதவும்.

அகலத்தை விட்டுவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து செருப்பில்லாமலும் செருப்பிலும் நடந்து வளர்ந்த காலில் விரல்கள் நன்றாக விரிந்திருக்கும். ஐரோப்பியக் காலுக்குச் செய்த பூட்ஸ் சுண்டுவிரல் பக்கம் நெருக்கும். உள்ளே உள்ள இன்சோலை வெளியே எடுத்து அதன் மேல் நின்று பாருங்கள். பாதம் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அகலம் போதாது. நீளத்தைக் கூட்டி அதைச் சரிசெய்ய நினைத்தால் விரல் மடங்கும் இடமும் பூட்ஸ் மடங்கும் இடமும் ஒத்துப்போகாமல் ஷாங்க் தவறான இடத்தில் வந்து நிற்கும், மூக்கின் பின்விளிம்பும் விரல் மேல் வெட்டும். அகலமான வேறு மாடலைத் தேடுவதே வழி.

லேஸ் கட்டிக்கொண்டு கடைப் படிக்கட்டில் இறங்குங்கள். விரல் மூக்கில் இடித்தால் மலையில் ஒரே நாளில் நகம் கறுக்கும். படியேறும்போது குதிகால் 5, 6 மி.மீ. வரை எழும்பலாம், புதுத் தோல் விறைப்பினால் வருவது அது, பழகினால் குறையும். அதற்கு மேல் எழும்பினால் அந்த பூட்ஸ் உங்களுக்கு இல்லை.

லேஸ், சாக்ஸ், அட்டை

8 அங்குல பூட்ஸுக்கு சுமார் 180 செ.மீ. லேஸ் வேண்டும். உருண்டையாகப் பின்னிய பாலியெஸ்டர் நல்லது. பருத்தி லேஸ் ஈரத்தில் இற்றுப்போகும். விரல் பக்கம் தளர்வாக விட்டு, பாதமும் கணுக்காலும் சேரும் வளைவில் லேஸை இரண்டு சுற்று முறுக்கிப் பூட்டி, அதற்கு மேலே இறுக்கிக் கட்டினால் குதிகால் பின்னால் உட்கார்ந்துகொள்ளும், இறங்கும்போது விரல் இடிக்காது. மேல் கண்களில் கொக்கி இருந்தால் சீகைக் குச்சியும் முள்ளும் மாட்டி இழுக்கும். வளையம் உள்ளது மேல், அல்லது கால்சட்டையின் கீழ்ப்பகுதி கொக்கியை மூடட்டும். முடிச்சின் தொங்கலை நாக்குக்குள் செருகிவிடுங்கள். செயின் தடுப்புக் கால்சட்டை போடுபவர் அதன் கீழ்விளிம்பு பூட்ஸின் மேல் இறங்கி மூடுகிறதா என்று குனிந்து, நடந்து, காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே தெரியும் ஒரு சாண் தோல்தான் காப்பில்லாத இடம்.

சாக்ஸ் கம்பளி கலந்ததாக இருக்கட்டும். பருத்தி சாக்ஸ் வேர்வையை வைத்துக்கொண்டு தோலை ஊற வைக்கும், ஊறிய தோல்தான் கொப்புளமாகும். அட்டை உள்ள காட்டில் அதன் மேல் முழங்கால் வரை நெருக்கமாக நெய்த அட்டை சாக்ஸ் போட்டு, பிறகு பூட்ஸ். உப்பைப் பூட்ஸில் தூவும் பழக்கம் வேண்டாம். தோலின் எண்ணெயை அது இழுத்துவிடும், வெடிப்பும் வெள்ளைத் திட்டும் வரும். புகையிலைத் தண்ணீரோ வேறெதுவோ தடவுவதானால் சாக்ஸின் மேல் தடவுங்கள்.

பழக்குவதும் பராமரிப்பும்

கெட்டித் தோல் பூட்ஸை முதல் நாளே எட்டு மணி நேரம் போட்டால் கால் புண்ணாகும், பூட்ஸ் மேல் வெறுப்பும் வரும். இரண்டு வாரம் தினமும் ஓரிரு மணி நேரம், முதலில் லோடு, துண்டு போடுதல் போன்ற தட்டையான இடத்து வேலைக்குப் போடுங்கள். ஓரிடத்தில் சூடாக உரசுவது தெரிந்த உடனே பிளாஸ்திரி ஒட்டுங்கள், கொப்புளம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீரில் ஊற வைத்துக் காலோடு காய வைக்கும் பழைய வித்தை ஒட்டுப் பசை உள்ள இன்றைய பூட்ஸுக்கு ஆகாது.

நனைந்த பூட்ஸை அடுப்பு மேல் தொங்கவிடுவது தோட்டத் தொழிலாளர்களின் எல்லா லைன் வீட்டிலும் பார்க்கும் காட்சி. தோல் சுருங்கி வெடிக்கும், சோலின் பசை விடும். இன்சோலை எடுத்து, சேற்றைக் கழுவி, உள்ளே செய்தித்தாள் திணித்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். காகிதம் ஈரமானதும் மாற்றுங்கள். மழைக்காலத்தில் ஓர் இரவில் முழுதாகக் காயாது, அதனால் முடிந்தவர் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுவது இரண்டின் ஆயுளையும் கூட்டும். காய்ந்த பிறகு மெழுகு கலந்த தோல் களிம்பை மெல்லியதாகத் தடவுங்கள், தையல் ஓரத்தில் சற்றுக் கூடுதலாக. தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் தொய்ந்து கணுக்கால் பிடிப்பு போகும், பூஞ்சையும் பிடிக்கும். கலப்புப் பெட்ரோல் கொட்டினால் அன்றே சோப்பு நீரில் கழுவுங்கள். பசையை இளக்கும், தீயும் பிடிக்கும்.

தைத்து ஒட்டிய சோல் தேய்ந்தால் நல்ல செருப்புத் தைப்பவர் ரப்பர் சோல் மாற்றித் தருவார். அச்சில் ஊற்றிய சோல் தேய்ந்தால் மாற்ற வழியில்லை. விலை கூடுதலாக இருந்தாலும் தைத்ததை வாங்கச் சொல்வது இதனால்தான்.

எப்போது கழிப்பது? செயின் ஒரு தடவை உள்ளிழை வரை போயிருந்தால் அந்த பூட்ஸ் முடிந்தது, தைத்துப் போடக் கூடாது, இழை ஒரு முறைதான் வேலை செய்யும். மூக்கில் பலமான அடி விழுந்து உள்ளே தடவினால் வளைவு தெரிகிறது என்றாலும் அதே. பற்கள் 3 மி.மீ.க்குக் கீழ் தேய்ந்தவை, ஹீல் ஒரு பக்கம் சாய்ந்தவை சரிவுக்கு ஆகாது. பியூ நடுச்சோல் உள்ள பூட்ஸ் பெட்டியிலேயே கிடந்தாலும் ஈரக் காற்றில் சில ஆண்டுகளில் உள்ளுக்குள் சிதையும். தள்ளுபடி விலையில் பழைய ஸ்டாக் வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைச் சோல் அச்சிலோ நாக்கின் உள்சீட்டிலோ தேடிப் பாருங்கள், ஹீலுக்கு மேலே உள்ள மெத்தை அடுக்கைக் கட்டை விரல் நகத்தால் அழுத்துங்கள். துள்ளித் திரும்பினால் சரி. தழும்பு விழுந்து நின்றாலோ துகள் உதிர்ந்தாலோ, மலையில் பாதி வேலையில் சோல் தனியாகக் கழன்று வரும்.